மேசைப்பந்தில் முதல் அடி: சுழற்சிச் சேர்விஸும் மட்டைத் தெரிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாடசாலை விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருவன துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் வலைப்பந்தாட்டமுமே. யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் நடைபெறும் நாட்களில் நகரமே மைதானத்தில் திரள்வதை நாம் அறிவோம். மேசைப்பந்தாட்டத்திற்கு அத்தகைய ஆரவாரம் இல்லை. மண்டபத்தின் ஒரு மூலையில், ஒரேயொரு மேசையைச் சுற்றி, தம் முறை வரும் வரை காத்து நிற்கும் பத்துப் பதினைந்து பிள்ளைகளே அதன் உலகம். இந்தக் காத்திருப்பை எவ்வாறு பயன்படுத்துவது என்பதும், பெற்றோர் தம் பணத்தை எதிலே செலவிடுவது என்பதும் சிந்திக்கப்பட வேண்டிய விடயங்களாகும்.

பிள்ளை இரண்டு போட்டிகளில் தோற்று வீடு திரும்பினால், நல்ல மட்டை இல்லாமையே காரணம் என்ற முடிவுக்குப் பெற்றோர் வந்துவிடுகின்றனர். கொழும்பிலோ வெளிநாட்டு உறவினரிடமோ சொல்லி விலையுயர்ந்த மட்டை வரவழைக்கப்படுகின்றது. அடுத்த போட்டியிலும் அதே முடிவுதான். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்கும் பொருந்தும். உண்மையில் பெரும்பாலான இளம் ஆட்டக்காரர்கள் புள்ளிகளை இழப்பது தமது சேர்விஸிலும் எதிராளியின் சேர்விஸைத் திருப்பி அனுப்புவதிலுமே.

2001 இல் ஓர் ஆட்டத்திற்கு 21 புள்ளிகள் என்றிருந்த முறை 11 புள்ளிகளாகக் குறைக்கப்பட்டது. இரண்டிரண்டு சேர்விஸாக மாறி மாறி ஆடும் இம்முறையில், புள்ளிகளில் ஏறக்குறைய அரைவாசி நமது கையிலிருந்தே தொடங்குகின்றன. மேசைப்பந்தாட்டத்தில் எதிராளியின் குறுக்கீடு எதுவுமின்றி முற்றிலும் நமது விருப்பப்படி அடிக்கக்கூடிய ஒரே அடி சேர்விஸ்தான். அதைத் தனியாகவே பழகலாம். எதிரில் ஆள் தேவையில்லை. ஒரு மேசைக்கு இருபது பேர் காத்திருக்கும் பாடசாலைகளுக்கு இதைவிட உகந்த பயிற்சி வேறில்லை.

சுழற்சி என்பது என்ன? மேசைப்பந்தின் விட்டம் 40 மில்லிமீற்றர், நிறையோ 2.7 கிராம் மாத்திரமே. உள்ளீடற்ற இந்த இலேசான பந்து சுழலும்போது அதைச் சூழ்ந்த காற்று அதன் பாதையை வளைத்து விடுகின்றது. பந்தின் மேற்பரப்பு அது செல்லும் திசையை நோக்கியே உருளுமாயின் அது மேற்சுழற்சி. அத்தகைய பந்து வழமையை விட விரைவாகக் கீழிறங்கி, மேசையில் பட்டதும் முன்னோக்கிப் பாயும். இதற்கு எதிர்மாறாகச் சுழல்வது கீழ்ச்சுழற்சி. அது காற்றில் சற்று மிதந்து, மேசையில் பட்டதும் வேகம் குன்றும். பம்பரம் போன்று பக்கவாட்டில் சுழல்வது பக்கச்சுழற்சி.

எதிராளியின் மட்டையில் படும்போதுதான் சுழற்சியின் உண்மையான வலிமை வெளிப்படுகின்றது. கீழ்ச்சுழற்சிப் பந்தை மட்டையை நிமிர்த்திப் பிடித்துத் தொட்டால் அது வலைக்குள் விழும். மேற்சுழற்சிப் பந்தை அவ்வாறு தொட்டால் உயர எழும்பி மேசைக்கு வெளியே போகும். பக்கச்சுழற்சிப் பந்து, சேர்விஸ் போட்டவரின் மட்டை அசைந்து சென்ற பக்கத்தை நோக்கியே விலகிச் செல்லும். ஆகவே அம்மட்டை எந்தப் பக்கத்திலிருந்து அசைந்து வந்ததோ அந்தப் பக்கத்தை இலக்கு வைத்துத் திருப்பினால் பந்து மேசைக்குள் நிற்கும். இந்த ஒரு விதியை விளங்கிக் கொண்ட பிள்ளைக்கு எதிராளியின் சேர்விஸ் பாதிப் பயத்தை இழந்துவிடுகின்றது.

சுழற்சியை உண்டாக்குவது பலம் அல்ல, உரசல் ஆகும். பந்தின் நடுவில் மட்டை மோதினால் வேகம் பிறக்கும். ஓரத்தை வருடிச் சென்றால் சுழற்சி பிறக்கும். கீழ்ச்சுழற்சிக்கு மட்டையை ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, பந்தின் அடிப்பாகத்தை மெல்லியதாக உரசி முன்னோக்கிச் செல்ல வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு அசையாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மட்டையைத் தளர்வாகப் பிடித்து, பந்தைத் தொடும் கணத்தில் மட்டும் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும். மட்டையின் நுனிப்பகுதி கைப்பிடிக்கு அருகிலுள்ள பகுதியை விட விரைவாக அசைவதால், நுனியை அண்டிய பகுதியில் பந்து படும்போது சுழற்சி அதிகமாகும்.

இதைப் பழக முதலில் மேசைகூடத் தேவையில்லை. வீட்டின் சீமெந்து நிலத்திற்கு மேலே பந்தை இலேசாக எறிந்து, அதன் அடிப்பாகத்தை உரசி முன்னே விழவிட வேண்டும். பந்து நிலத்தில் பட்டு நம்மை நோக்கித் திரும்பி வருமாயின் சுழற்சி ஏறியிருக்கின்றது என்று பொருள். அது முன்னாலேயே ஓடிவிட்டால் நாம் உரசவில்லை, அடித்திருக்கின்றோம். பேனையால் பந்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்துவிட்டால் அது எந்தப் பக்கம் சுழல்கின்றது என்பதைக் கண்ணாலேயே காணலாம். அடுத்த கட்டத்தில் வகுப்பறை மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, நடுவே புத்தகங்களை வலை போன்று நிறுத்தினாலும் போதுமானது.

மூன்றாவது கட்டம் இடமும் வேறுபாடும் ஆகும். நீளமான சேர்விஸ் வேண்டுமெனில் பந்து நமது பக்கத்தில் முதலில் நமது விளிம்பை அண்டிப் பட வேண்டும். குறுகிய சேர்விஸுக்கு அது வலைப்பக்கமாகச் சற்று உள்ளே பட வேண்டும். தடுக்கப்படாவிடின் எதிராளியின் பக்கத்தில் இரு தடவைகள் துள்ளுவதே நல்ல குறுகிய சேர்விஸின் அடையாளம். பின்னர், அதே கையசைவுடன் சுழற்சியே இல்லாத பந்தையும் அனுப்பப் பழக வேண்டும். கடும் கீழ்ச்சுழற்சி என எண்ணி எதிராளி மட்டையை விரித்துத் தூக்கினால் பந்து உயர எழும்பும். அதை அடித்து முடிப்பது எளிது. பத்து வகைச் சேர்விஸை அரைகுறையாக அறிந்திருப்பதிலும் பார்க்க, ஒரே அசைவில் இரண்டு வகையைத் திறம்படச் செய்வது மேலானது.

இங்கே விதிகளைப் பற்றிக் கண்டிப்பாகக் கூற வேண்டியுள்ளது. பந்து விரித்த உள்ளங்கையில் அசையாது இருக்க வேண்டும். மேசையின் மட்டத்திற்கு மேலேயும் நமது விளிம்புக் கோட்டிற்குப் பின்னாலும் நின்று, ஏறக்குறைய நேர் செங்குத்தாக, குறைந்தது 16 சென்ரிமீற்றர் உயரத்திற்கு அதை எறிய வேண்டும். வலையின் உயரம் 15.25 சென்ரிமீற்றர் என்பதால், வலையளவுக்குச் சற்று மேலே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பந்து கீழிறங்கும்போதே அடிக்க வேண்டும். சுழற்சியை எறியும் விரல்களால் ஏற்றக் கூடாது. 1930களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் விரல்களால் சுழற்றிப் போட்ட சேர்விஸ்களுக்கு எதிராளிகள் நிலைகுலைந்ததன் பின்னரே இத்தகைய கட்டுப்பாடுகள் வரத் தொடங்கின. உடலாலோ கையாலோ உடையாலோ பந்தை மறைப்பதும் 2002 இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர்கள் இவற்றைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவதுண்டு. அது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையன்று. கையிலிருந்தே அடித்துப் பழகிய பிள்ளை மாகாண மட்டத்தையோ அகில இலங்கை மட்டத்தையோ எட்டும்போது, நடுவர் கையை உயர்த்திப் புள்ளியை எதிராளிக்கு வழங்கிவிடுவார். பல ஆண்டுகள் பழகிய கையை ஒரு நாளில் மாற்ற இயலாது. முதல் நாளிலேயே விதிப்படி பழக்குவதே ஆசிரியர்களின் கடமையாகும்.

இனி மட்டைக்கு வருவோம். உபகரணத்திற்கு முக்கியத்துவமே இல்லை என்று கூறுவதும் தவறு. 1952 இல் பம்பாயில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியில் யப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பொன்ஜ் ஒட்டிய மட்டையுடன் வந்து ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார். பந்து படும் ஓசையே கேளாத அந்த மட்டையின் முன்னே அக்காலத்து வல்லவர்கள் திகைத்து நின்றனர். ஆனால் அத்தகைய அனுகூலம் நிலைத்து நிற்கவில்லை. ஏனையோரும் ஸ்பொன்ஜுக்கு மாறினர். 1959 இல் மட்டையின் உறைகளுக்குச் சர்வதேச விதி வகுக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு பக்கத்து இறப்பரும் ஸ்பொன்ஜும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. பலகையின் தடிப்பில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் அதிலிருந்து தெளிவாக வேறுபட்ட நிறமாகவும் அமைதல் அவசியம். நீண்ட காலம் அந்நிறம் சிவப்பாக மட்டுமே இருந்தது; 2021 முதல் நீலம், பச்சை முதலிய சில நிறங்களும் அனுமதிக்கப்பட்டுள்ளன.

தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஐந்து அடுக்கு மரப்பலகையே சிறந்தது. காபன் இழை சேர்த்த பலகைகள் பந்தை மிக வேகமாகத் தள்ளுவதால், உரசலை உணரும் முன்பே பந்து மட்டையை விட்டு நீங்கிவிடும். இறப்பர் வழுவழுப்பான மேற்பரப்புடையதாகவும், ஸ்பொன்ஜ் 1.8 முதல் 2.0 மில்லிமீற்றர் வரையான தடிப்புடையதாகவும் இருந்தால் போதும். சுழற்சிக்கு வேண்டியது இறப்பரின் பற்றுத்தன்மை. அதை அறிய உலர்ந்த பந்தை இறப்பரின் மீது அழுத்தி இழுத்துப் பார்க்கலாம். வழுக்கினால் அந்த இறப்பர் பயனற்றது. கடைகளில் சோடியாக விற்கப்படும் மலிவான மட்டைகள் பலவற்றின் குறை இதுவே. அவற்றைக் கொண்டு எத்தனை மணித்தியாலம் பழகினாலும் பந்து சுழலாது. பிள்ளை தன் கையையே குறை கூறி ஒதுங்கிவிடும். சர்வதேச மேசைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் அங்கீகார இலச்சினை இறப்பரில் பொறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

விலை என்பது இங்கு சிறிய விடயமன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருளான இறப்பரின் விலையும் அதற்கேற்பவே ஏறியது. ஆதலால் யப்பானிய, ஐரோப்பிய முதல்தர இறப்பர்களைத் தேடி அலைவதை விடுத்து, ஒட்டும் தன்மை மிகுந்த சீனத் தயாரிப்பு இறப்பர்களை நாடலாம். அவை சுழற்சிச் சேர்விஸுக்கு மிகவும் ஏற்றவை, விலையும் குறைவு. பலகை பல ஆண்டுகள் உழைக்கும். மாற்ற வேண்டியது இறப்பரை மட்டுமே. புதிய மட்டை கேட்கும் பிள்ளைக்குப் புதிய இறப்பர் போதுமா என்று முதலில் பார்ப்பது சிக்கனமாகும்.

நமது மண்ணின் புழுதியும் வெயிலும் இறப்பரின் எதிரிகள். ஒவ்வொரு நாளும் ஆடி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, உறைக்குள் வைக்க வேண்டும். துவிச்சக்கரவண்டிக் கூடையில் வெயிலில் கிடக்கும் மட்டை விரைவில் வழுக்கத் தொடங்கும். இறப்பர் ஒட்டுவதற்குத் துவிச்சக்கரவண்டி ரியூப் ஒட்டும் பசையைப் பயன்படுத்துவது கூடாது. ஆவியாகும் இரசாயனங்கள் கொண்ட பசைகள் உடல்நலத்திற்குத் தீங்கானவை என்பதாலேயே 2008 இல் தடைசெய்யப்பட்டன. நீரை அடிப்படையாகக் கொண்ட பசையே உகந்தது.

பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னையில் இந்த ஆட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கின்றது என்பதை நாம் கண்டிருக்கின்றோம். சென்னையைச் சேர்ந்த சரத் கமல் 2006 இல் மெல்பேர்ணில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 16 ஆண்டுகளின் பின்னர் 2022 இல் பேர்மிங்ஹாமில், 40 வயதில், அதே தங்கத்தை மீண்டும் வென்றார். 2018 இல் ஜகார்த்தாவில் அவரும் சத்தியனும் இடம்பெற்ற அணியே ஆசிய விளையாட்டுப் போட்டியின் மேசைப்பந்தில் இந்தியாவுக்கு முதற் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்தது. 40 வயதிலும் வெல்ல முடிவது உடல்பலத்தை விட நுட்பத்திற்கு இவ்வாட்டம் தரும் இடத்தைக் காட்டுகின்றது.

இன்னுமொரு காரணத்தாலும் இது நமக்குரிய விளையாட்டு. எகிப்தின் இப்ராஹிம் ஹமத்தோ இரு கைகளையும் இழந்தவர். மட்டையை வாயில் கவ்வி, பந்தைக் கால்விரல்களால் மேலே எறிந்து சேர்விஸ் போடும் அவர் 2016 இல் றியோ பராலிம்பிக்கிலும் பின்னர் ரோக்கியோவிலும் ஆடினார். உடற்குறைபாட்டினால் விதிப்படி சேர்விஸ் போட இயலாதவருக்கு அதைத் தளர்த்த நடுவருக்கு அதிகாரம் உண்டு. போரில் அவயவங்களை இழந்தோர் வாழும் ஒரு மண்ணுக்கு இச்செய்தியின் பொருளை விளக்கிக் கூற வேண்டியதில்லை. ஈரானைச் சேர்ந்த நெடா ஷாஹ்சவாரி தலையை மறைத்த உடையுடனேயே ஒலிம்பிக் மேசையில் ஆடியுள்ளார். ஆகவே மண்டபத்திற்குள் ஆடப்படும் இவ்வாட்டம் தம் பெண்பிள்ளைகளுக்கும் உரியதே என்பதை முஸ்லிம் பெற்றோரும் கருத்திற் கொள்ளலாம். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, பின்னர் மீளக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அயற் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே மேசையின் இரு முனைகளில் நிற்கும் காட்சி எவருக்கும் மகிழ்வளிக்கும்.

பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் பாடசாலைகளுக்கு உதவ முன்வருகையில், ஒரு பிள்ளைக்கு ஒரு விலையுயர்ந்த மட்டை என்பதை விட, ஒரு பாடசாலைக்குப் பத்து நடுத்தர மட்டைகளும் ஒரு பெட்டி நிறையப் பந்துகளும் என எண்ணுவார்களாயின் பயன் பன்மடங்காகும். பந்துப் பெட்டி இருந்தால் ஒரு பிள்ளை தனியாக நின்று ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான சேர்விஸ்களைப் போட்டுப் பழகலாம். காத்திருக்கும் பிள்ளைகளின் நேரம் வீணாகாது. நகரப் பாடசாலைக்கும் கிராமப் பாடசாலைக்கும் இடையிலான இடைவெளியும் சற்றேனும் குறையும். அதற்கான முதல் முயற்சியைப் பாடசாலைகள் இத்தவணையிலேயே தொடங்கலாம்.