பயணத்தில் பார்த்தது போர்வையில்

ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில், எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன் எப்போதும் கூட்டம். எடுத்த படத்தை மறுபடி பார்ப்பவர் எத்தனை பேரோ! ஊர் சுற்றிப் பார்த்ததை வேறு விதமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டு 1972இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் ஒன்றில் திபெத்தியத் துணி ஓவியங்களைக் கண்டார். அவற்றிலிருந்த தெய்வங்களை அவர் வரையவில்லை. ஓவியத்துக்குத் துணியால் கரை தைக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார். கனமில்லை, சுருட்டி எடுத்துப் போகலாம். 1980இல் தையல் தெரிந்த தம் தாயாருடன் முதல் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்தார். 1988இல் செய்த 'தார் பீச்' போர்வையில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி மொட்டைமாடியில் ஒரு குடும்பம் இளைப்பாறுகிறது. சிறுமி பாலத்துக்கு மேலே பறக்கிறாள். கரையெங்கும் பூப்போட்ட துண்டுகள். பார்த்தது ஆம்ஸ்டர்டாமில், தைத்ததோ தாம் பிறந்து வளர்ந்த ஹார்லெமை.

நமக்குத் துணிக்கா பஞ்சம்? அம்மாவின் பழைய சேலை, தையற்கடையில் மிஞ்சிய துண்டுகள், பாத்தேக்! பருத்தித் துணியில் துணிக்கான வண்ணத்தால் வரையுங்கள். காய்ந்ததும் மறுபுறம் இஸ்திரி போடுங்கள். சுற்றிலும் துண்டுகளை இணைத்து, அடியில் பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுங்கள். முதலில் தலையணை உறை அளவே போதும். முழுப் போர்வை என்றால் பள்ளி விடுமுறையே போய்விடும்.