சர்க்கரை இல்லாத காபி "காக்டெயில்": வீட்டிலேயே தயாரிக்கலாம்!

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் உண்டு. இந்தியாவில் விளையும் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடக மாநிலத்தில்தான் விளைகிறது. சிக்கமகளூர், குடகு, ஹாசன் மாவட்டங்களில் பறிக்கப்படும் காபி கொட்டை, நம் தெருமுனைக் கடையிலேயே கமகமவென்று வறுபட்டு, கண்ணெதிரே பொடியாகிறது.

17-ம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற முஸ்லிம் பெரியவர், மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பும்போது, ஏமன் நாட்டில் இருந்து 7 காபி கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அப்படி வந்த காபிக்கு இப்போது ஒரு வில்லன் முளைத்து இருக்கிறான்.

அவன் பெயர், சர்க்கரை!

10 கோடி பேர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவோடு நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023-ம் ஆண்டு வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை வியாதி இருப்பதாக அது கூறுகிறது. இன்னும் 13 கோடி பேருக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவர் பெரும்பாலும் காபி பிரியராகவும் இருப்பார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 காபி. காபிக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை. தலைதட்டிய டீஸ்பூனில் சுமார் 4 கிராம் சர்க்கரை பிடிக்கும். ஆக, ஒரு நாளைக்கு 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம்!

வளர்ந்த மனிதர் நாள் ஒன்றுக்கு 50 கிராமுக்குக் குறைவாக, முடிந்தால் 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்திக்கொள்வது நல்லது என்பது, 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கூறிய யோசனை. அந்த 25 கிராம் கணக்கைக் காபியே தாண்டி விடுகிறது. பாயசமும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை!

"அப்படியானால் காபியை விட்டுவிட வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். சர்க்கரையை மட்டும் விட்டால் போதும்.

காக்டெயில் என்றால் என்ன?

"காக்டெயில்" என்றதும் மது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெயர் பிறந்தது என்னவோ அங்கேதான். 1806-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று இந்தச் சொல்லுக்கு விளக்கம் கொடுத்தது. மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் கலந்ததே காக்டெயில் என்று அது சொன்னது. சர்க்கரை அப்போதே உள்ளே புகுந்துவிட்டது!

காபியை வைத்துச் செய்யும் கலவைகளும் அப்படியே. அயர்லாந்து நாட்டின் "ஐரிஷ் காபி"யில் சூடான காபி, விஸ்கி, சர்க்கரை, மேலே பாலாடை. 1980-களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற மதுக்கூடக் கலைஞர் உருவாக்கிய "எஸ்பிரசோ மார்ட்டினி"யில் ஓட்கா, காபி, அதோடு பாகு.

நாம் செய்யப்போவதில் மதுவும் இல்லை; சர்க்கரையும் இல்லை. காபி, ஐஸ், சோடா, வாசனைப் பொருட்கள். அவ்வளவுதான். வயதான தாத்தா முதல் கல்லூரி செல்லும் பேரன் வரை ஒன்றாக உட்கார்ந்து குடிக்கலாம்.

கசப்பை எப்படி அடக்குவது?

காபியில் சர்க்கரை போடுவது கசப்பை மறைக்கத்தான். கசப்பே குறைவாக இருந்தால் சர்க்கரைக்கு வேலை இல்லை. அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கொட்டை. காபி கடையில் "அதிகம் கருக விடாமல், நடுத்தரமாக வறுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கருக வறுத்தால் கசப்பு ஏறும். ராபஸ்டா ரகத்தில் கசப்பும் கபீனும் அதிகம். "பிளாண்டேஷன் ஏ" போன்ற அராபிகா ரகத்தில் அவை குறைவு, வாசனை கூடுதல். சிக்கரியைக் குறைத்துக் கொள்ளுங்கள். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? பாக்கெட்டில் அச்சிட்டு இருப்பார்கள். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது வழி, உப்பு! சிரிக்க வேண்டாம். இரண்டு விரலால் கிள்ளி எடுத்த துளி உப்பு, கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அடக்கிவிடும். உப்புக் கரிக்கும் அளவுக்குப் போட்டால் காரியம் கெட்டது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி, பச்சைத் தண்ணீரில் ஊறல். கொதிக்கும் நீர் கசப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். பச்சைத் தண்ணீர் அப்படிச் செய்வது இல்லை.

ஊறல் காபி

சிக்கரி கலக்காத காபியை ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து வாங்குங்கள். 50 கிராம் பொடிக்கு அரை லிட்டர் பச்சைத் தண்ணீர். மூடி போட்டு, பிரிட்ஜில் 12 மணி நேரம் வையுங்கள். இரவு படுக்கப் போகும்போது வைத்தால் காலையில் தயார்.

மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைத்துக் குடிக்கலாம். கசப்பும் புளிப்பும் குறைந்து, வழுவழுவென்று இருக்கும்.

அவசரம் என்றால் வழக்கமான பில்டர் டிகாஷனே போதும். 40 கிராம் பொடிக்கு 200 மில்லி வெந்நீர் ஊற்றினால் சுமார் 120 மில்லி கெட்டி டிகாஷன் இறங்கும். அதை நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இனி, செய்முறைகள்.

1. ஆரஞ்சு காபி சோடா

ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் ஐஸ் துண்டுகளைப் போடுங்கள். 120 மில்லி சாதா சோடா ஊற்றுங்கள். ஆறிய டிகாஷன் 40 மில்லியை, ஒரு கரண்டியின் முதுகில் விழும்படி மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் நுரை பொங்கி மேஜையெல்லாம் வழியும்.

மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு அடுக்காக நிற்கும். ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டு சீவி, டம்ளரின் மேல் பிழிந்து, உள்ளே போடுங்கள். தோலில் உள்ள எண்ணெய்தான் வாசனை தரும். சாறு வேண்டாம். சாற்றில் சர்க்கரை இருக்கிறது.

2. ஏலக்காய் குலுக்கல் காபி

மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் சம்புடம் ஒன்றை எடுங்கள். ஆறிய டிகாஷன் 60 மில்லி, காய்ச்சி ஆறவைத்த பால் 30 மில்லி, பொடித்த ஏலக்காய் 1, துளி உப்பு, கைநிறைய ஐஸ். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் குலுக்குங்கள். வடிகட்டி ஊற்றினால் மேலே நுரை கட்டும்.

எச்சரிக்கை: சூடான டிகாஷனை மூடிய பாத்திரத்தில் போட்டுக் குலுக்காதீர்கள். ஆவி அழுத்தி மூடி தெறித்துவிடும்.

3. சுக்கு பட்டை காபி

ஊறல் காபி போடும்போதே ஒரு விரல் நீளப் பட்டையும், தட்டிய சுக்கு ஒரு துண்டும் சேர்த்து ஊறவையுங்கள். வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஐஸ் போட்டு, நான்கு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் குடிக்கலாம். பட்டையின் வாசனை நாக்குக்கு இனிப்பை நினைவூட்டும். சர்க்கரை போட்டதுபோன்ற ஒரு மயக்கம் தரும்.

முதல் நாள் மூன்றுமே "சப்"பென்று தோன்றலாம். இரண்டு ஸ்பூன் போடுகிறவர் ஒரே நாளில் நிறுத்த வேண்டியது இல்லை. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால், நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

கருப்பட்டி காபி நல்லதா?

"நாங்கள் வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதே இல்லை, கருப்பட்டிதான், நாட்டுச் சர்க்கரைதான், தேன்தான்" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் நம்மிடையே ஏராளம்.

இது ஏமாற்றம்! கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். தேனும் அப்படியே. ருசியும் மணமும் வேறு. ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் எல்லாம் ஒன்றுதான்.

"டானிக் வாட்டர்" என்று பாட்டிலில் விற்பது சோடா அல்ல. கசப்பாக இருக்கும், ஆனால் சர்க்கரை கரைந்து இருக்கும். டின் பால், இனிப்பூட்டிய காபி பாகு ஆகியவையும் கூடாது. பாலிலேயே இயற்கையான சர்க்கரை உண்டு. 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம். எனவே பாலையும் அளந்து ஊற்றுங்கள்.

இனிப்பு மாத்திரைகள்

சர்க்கரைக்குப் பதிலாக விற்கும் மாத்திரைகளில் பல வகை. அஸ்பர்டேம் கொதிக்க வைத்தால் இனிப்பை இழக்கும். அதைக் கடைசியில்தான் போட வேண்டும். சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும். சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு.

சுக்ரலோஸ் பிறந்த கதை வேடிக்கையானது. 1976-ல் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்தியரிடம், ஒரு பொருளை "டெஸ்ட்" செய்யும்படி சொன்னார்கள். அவர் காதில் அது "டேஸ்ட்" என்று விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரே தித்திப்பு!

இந்த மாத்திரைகளையே நம்பி இருக்கவும் வேண்டாம். உடல் எடையைக் குறைக்க இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் யோசனை கூறியது. ஏற்கனவே சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது என்றும் அது குறிப்பிட்டது. அவர்கள் டாக்டரைக் கேட்டு நடப்பது நல்லது.

மது கலக்கலாமா?

சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், "சர்க்கரைதான் இல்லையே" என்று எண்ணி இந்தக் கலவையில் மதுவைச் சேர்க்கக்கூடாது.

ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது, சேமிப்பில் இருந்து எடுத்துக் கொடுப்பது ஈரல். மது உள்ளே போனால் ஈரல் அந்த வேலையை விட்டுவிட்டு மதுவைக் கவனிக்கப் போய்விடும். வெறும் வயிறாக இருந்தால் சர்க்கரை அளவு மளமளவென்று இறங்கிவிடும். தள்ளாட்டத்தைப் பார்க்கிறவர்கள் "போதை" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான்! காபி கலந்தால் போதையும் வெளியே தெரியாது, அளவு மீறும்.

டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரெயில்வே ஊழியர் ஒருவர் வீட்டில், அவருக்காக சர்க்கரையை அடியோடு ஒழித்துவிட்டார்கள். டப்பாவே கிடையாது. நல்ல எண்ணம்தான்.

ஒருநாள் மாத்திரை போட்டுக்கொண்ட பெரியவர், சாப்பிட மறந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுக்கம். பேச்சு குழறியது. பதறிப்போன மனைவி, கையில் கிடைத்த இனிப்பு மாத்திரையைப் போட்டு ஒரு காபி கொடுத்தார். பயன் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்த பிறகே அவர் தெளிந்தார்.

இனிப்பு மாத்திரை நாக்கைத்தான் ஏமாற்றும். ரத்தத்தை ஏமாற்றாது.

ரத்த சர்க்கரை 70-க்குக் கீழே போனால், 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 முதல் 4 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மீண்டும் ஒருமுறை. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எத்தனை டம்ளர்?

சர்க்கரை இல்லை என்பதற்காக அளவின்றிக் குடிக்கலாமா? கூடாது. 2024-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கபீனுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 150 மில்லி கொதித்த காபியிலேயே 80 முதல் 120 மில்லிகிராம் வரை கபீன் உண்டு. எனவே நாளுக்கு இரண்டு அல்லது மூன்று போதும். கர்ப்பிணிகள் இன்னும் குறைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி வேண்டாம்; உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "சர்க்கரை போடலாமா?" என்று கேட்டுவிட்டுக் காபி கலவுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல பலர் கூச்சப்படுகிறார்கள். ஓட்டலில் கூச்சப்படாமல் "சக்கரே பேடா" என்று கன்னடத்தில் சொல்லுங்கள்.

சமையல் அறையில் சர்க்கரை டப்பா ஒன்று இருக்கட்டும். காபிக்கு அல்ல, அவசரத்துக்கு!