அகல்கோண வில்லைகளும் கையாற் குவியப்படுத்தலும்

அகல்கோண வில்லைகளைக் கையாற் குவியப்படுத்துதல் எளிது என்னும் கருத்து ஒளிப்படக் கலைஞரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இவற்றின் புல ஆழம் பெரிதாதலின் சிறு பிழைகள் தாமே மறைந்துவிடும் என்பர். ஆடியற்ற டிஜிட்டல் கமராக்களைப் பொறுத்தவரை இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை நாம் ஈண்டு நோக்குவோம்.

2008இல் பனசோனிக் லூமிக்ஸ் ஜி1 வெளிவந்ததைத் தொடர்ந்து இவ்வகைக் கமராக்கள் பரவலாயின. ஒளியை நோக்கிக்குத் திருப்பும் ஆடி நீங்கியமையால், வில்லை பொருந்தும் முகத்துக்கும் உணரிக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்தது. 1959இல் அறிமுகமான நிக்கோன் எஃப் அமைப்பில் இத்தூரம் 46.5 மி.மீ.; சோனி இ அமைப்பில் 18 மி.மீ. எஞ்சும் 28.5 மி.மீ. இடைவெளியை ஓர் இணைப்பு வளையத்தால் நிரப்பிப் பழைய வில்லையைப் புதிய கமராவிற் பயன்படுத்தலாம். புதிய வில்லைகளை வாங்க இயலாதார்க்கு இது பெரும் வாய்ப்பாகும்.

ஆயின், அவ்வளையம் 0.1 மி.மீ. மெல்லியதாய் அமைந்தால் விளைவு யாது? குவியத்தூரத்தின் வர்க்கத்தை இப்பிழையால் வகுத்தால் விடை கிடைக்கும். 50 மி.மீ. வில்லையில் முடிவிலிக்குரிய குவியம் 25 மீற்றர்க் குறியருகே அமையும், 24 மி.மீ. வில்லையிலோ 5.8 மீற்றர்க் குறிக்கே வந்துவிடும். வளையத்தை இறுதிவரை திருப்புபவர் முடிவிலியையும் கடந்துவிடுகின்றார், தொலைவிலுள்ளவை மங்குகின்றன. ஆகவே, காட்சிக்கோணம் அகலுந்தோறும் தூர அளவுகோலை நம்புதற்கு இடம் குறைகின்றது.

வில்லைமீது பொறிக்கப்பட்ட புல ஆழக் குறிகளும் ஆராயத்தக்கன. 35 மி.மீ. பிலிமில் ஏறத்தாழ 0.03 மி.மீ. விட்டமுள்ள மங்கல் வட்டத்தைக் கண் புள்ளியாகவே கொள்ளும் என்னும் மரபைத் தழுவியே அவை பெரும்பாலும் கணிக்கப்பட்டன. அதன்படி 24 மி.மீ. வில்லையை எஃப் 8 துவாரத்தில் 2.4 மீற்றருக்குக் குவியப்படுத்தின், 1.2 மீற்றர் முதல் முடிவிலி வரை தெளிவாகும். ஆனால் 36 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல்களைக் கொண்ட உணரியில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. மட்டுமே. பழைய மங்கல் வட்டமோ ஐந்து பிக்சல்களைக் கவிகின்றது. சிறு அச்சுப்படத்தில் தெளிவெனப்பட்டது, பெருப்பித்த படத்தில் மங்கலெனப்படுகின்றது. எனவே, தெளிவு என்பது படத்தின் அளவும் பார்க்குந் தூரமும் நிர்ணயிக்கும் ஒரு வழக்கேயாகும்.

குவிந்த விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியும் அகல்கோண வில்லையில் முழுத்துணை ஆகாது. முன்பின்னாகப் பல பொருள்கள் ஒருங்கே நிறம் பெறுவதால், உண்மைத் தளம் எதுவென்று புலப்படுவதில்லை.

துவாரத்தை முற்றாகத் திறந்து, நோக்கியில் விம்பத்தைப் பெருப்பித்து, குவியப்படுத்திய பின்னரே துவாரத்தைச் சுருக்குதல் ஏற்ற முறையாகும். சில வில்லைகளின் குவியத்தளம் வளைந்திருத்தலின், பொருள் சட்டத்தில் எங்கு அமையுமோ அங்கேயே பெருப்பித்து நோக்குதல் வேண்டும். துவாரம் சுருங்குங்கால் குவியம் பெயரும் வில்லைகளில் மறுபடியும் சோதித்தல் நன்று.

பழைய வில்லைகள் பயனிழந்துவிடவில்லை. அவற்றின்மேற் பொறித்த எண்களே பிறிதொரு கருவிக்கும் பிறிதொரு பார்வை வழக்கிற்கும் உரியன. கருவி மாறிய பின்னும் அவற்றை மாறா உண்மைகளாகக் கொள்ளுதல் அறிவியல் நோக்கு ஆகாது.