கடல் நீலத்துக்கும் ராமன் விளைவுக்கும் என்ன உறவு?

குரூப் 4 தேர்வுக்கான வழிகாட்டி நூல்களில் அறிவியல் பகுதியைப் புரட்டினால், பலவற்றில் இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருக்கும். 'வானம் நீலமாகத் தெரியக் காரணம்: ராலே சிதறல்.' 'கடல் நீலமாகத் தெரியக் காரணம்: ராமன் விளைவு.' முதல் வரி சரி. இரண்டாவது தவறு. ஆனால் அதன் பின்னால் ஓர் உண்மைக் கதை ஒட்டிக்கொண்டிருப்பதால், பதிப்புக்குப் பதிப்பு அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

முதலில் வானம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, நாலைந்து சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை டம்ளரின் ஒரு பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீரில் மெல்லிய நீலம் தெரியும். எதிர்ப்பக்கம் போய் விளக்கை நேராகப் பார்த்தால் அது மஞ்சளாக, இன்னும் ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சாகத் தெரியும். பாலில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. நேராக வந்து சேரும் ஒளியில் நீலம் குறைந்து சிவப்புப் பக்கம் மிஞ்சுகிறது. நண்பகல் வானமும் அந்தி வானமும் ஒரே டம்ளரில் அடங்கிவிட்டன. டிண்டால் 19ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான். கூழ்மத்தில் ஒளிக்கற்றையின் பாதை தெரிவதற்கு 'டிண்டால் விளைவு' என்று பெயர் வந்தது அவரால்தான்.

ராலே 1871இல் இதற்குக் கணக்குப் போட்டார். ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் மிகச் சிறியதாக இருந்தால், சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீலத்துக்கு 450 நானோமீட்டர், சிவப்புக்கு 650 என்று வைத்துக் கணக்கிட்டால், நீலம் நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. அப்படியானால் அதைவிட அலைநீளம் குறைந்த ஊதா அல்லவா வானத்தின் நிறமாக இருக்க வேண்டும்? கேட்க வேண்டிய கேள்வி. சூரிய ஒளியில் ஊதா குறைவு. நம் கண்ணுக்கும் ஊதாவை உணரும் திறன் குறைவு. அதனால் நீலம் முந்திக்கொள்கிறது. மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கின்றன, மேகம் வெள்ளையாகிறது. இது மீ சிதறல். நிலவில் வளிமண்டலம் இல்லை என்றே சொல்லலாம். அங்கே பகலிலும் வானம் கறுப்பு.

கடலுக்கு வருவோம். ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்பது ராலேயின் கருத்து. 1921இல் இங்கிலாந்து போய்விட்டு 'நார்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமனுக்கு அது ஒப்பவில்லை. திருவானைக்காவலில் பிறந்து, கல்கத்தாவில் நிதித்துறை வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்து, பிறகு அந்த வேலையை உதறிப் பேராசிரியர் ஆனவர். அவர் கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. குறிப்பிட்ட கோணத்தில் அதன் வழியே பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியை வடிகட்டிவிடலாம். வடிகட்டிப் பார்த்தார். பிரதிபலிப்புதான் காரணம் என்றால் நீலம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலில் இருந்தபடியே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்.

கவனியுங்கள், இதுவரை ராமன் விளைவு வரவே இல்லை. அதற்கு இன்னும் ஆறரை ஆண்டு இருக்கிறது. கல்கத்தாவில் அவரும் மாணவர்களும் திரவம் திரவமாக எடுத்துச் சிதறலை ஆராய்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். உள்ளே போகும் சூரிய ஒளியில் நீல-ஊதாவை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று; கண்ணுக்கு முன்னால் அந்த நிறத்தை முழுக்கத் தடுக்கும் இன்னொரு வடிகட்டி. சாதாரணச் சிதறல் மட்டும்தான் என்றால் கண்ணுக்கு எதுவும் எட்டக் கூடாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளி எட்டியது. அறுபது திரவங்களில் சோதித்தும் அதே கதை. 1928 பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கையும் நிறமாலைமானியையும் வைத்துப் பார்த்தபோது, விளக்கில் இல்லாத புதிய வரிகள் தெரிந்தன. மூலக்கூறு ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலைப் பிடித்துக்கொண்டால் அலைநீளம் கூடும். அது ஸ்டோக்ஸ் வரி. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு ஆற்றலைக் கொடுத்தால் அலைநீளம் குறையும். அது ஆன்டி-ஸ்டோக்ஸ் வரி. ராலே சிதறலில் அலைநீளம் மாறாது, ராமன் சிதறலில் மாறும். வேறுபாடு இவ்வளவுதான்.

இப்படி அலைநீளம் மாறிச் சிதறுவது சுமார் 1 கோடி ஃபோட்டான்களில் ஒன்றுதான். இருட்டறையில் வடிகட்டி வைத்துத் தேட வேண்டிய ஒளி, ஒரு பெருங்கடலுக்கு எப்படி நிறம் பூசும்? கடல் நீலமாகத் தெரிய முதன்மைக் காரணம், நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வது. ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிஞ்சும் நீலம் அலைநீளம் மாறாமலே சிதறி மேலே திரும்புகிறது. (மெரினாவில் நின்றுகொண்டு நீலத்தைத் தேட வேண்டாம். கரையோரத்தில் வண்டலும் நுண்ணுயிர்களும் தங்கள் நிறத்தைக் கலந்துவிடும்.) கடலின் நீலம் ராமனை ஆய்வில் இறக்கிவிட்டது; ராமன் விளைவு அந்த ஆய்வின் முடிவில் கிடைத்தது. தொடக்கத்தையும் முடிவையும் ஒரே வரியில் போட்டு நசுக்கியதில்தான் வழிகாட்டி நூல்கள் தவறிவிட்டன.

இதே இடத்தில் தேர்வர்கள் வழுக்கும் இன்னும் சில உண்டு. ராலே 1904இல் நோபல் பரிசு பெற்றது வானத்தின் நீலத்துக்காக அல்ல, ஆர்கானைக் கண்டுபிடித்ததற்காக. ராமனுக்கு நோபல் 1930இல், பாரத ரத்னா 1954இல். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்றதும் ராமனின் பிறந்தநாள் என்று குறித்துவிடுகிறார்கள். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. நடப்பு நிகழ்வுகளோடு சேர்த்துக் கேட்டால், செவ்வாயில் ஓடும் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் ராமன் நிறமாலைமானி இருக்கிறது.

கூற்று–காரணம் வகைக் கேள்விகள் வரும் தேர்வில் ஒற்றை வரி மனப்பாடம் அதிக தூரம் கொண்டு போகாது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஒளியியல் அலகில் ராலே, மீ, டிண்டால், ராமன் நான்கு சிதறலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வழிகாட்டி நூலை மூடிவிட்டு அதைப் படியுங்கள். தேர்வாணையம் வெளியிடும் உத்தேச விடையில் 'கடல் நீலம்: ராமன் விளைவு' என்று வந்தால், உரிய ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. தயங்காமல் தெரிவியுங்கள்.