பூட்டிய பெட்டிக்கு எந்த மாநிலச் சட்டம்?

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம், மயாமியில் தொடங்கி மேய்ன் மாநிலத்தின் கனடா எல்லை வரை ஓடுகிறது ஐ-95 நெடுஞ்சாலை. 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 15 மாநிலங்கள். இந்தச் சாலையில் காரின் டிக்கியில் கைத்துப்பாக்கியோடு வடக்கே போகிற ஒருவர், வழியில் எதையும் தொடாமலே சட்டத்தை மதிப்பவராகவும் மீறுபவராகவும் மாறி மாறி ஆகிவிடக்கூடும். புளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் பெரும்பாலான பெரியவர்கள் தனி அனுமதி இல்லாமலே துப்பாக்கியை உடம்பில் மறைத்து எடுத்துப் போகலாம். அதே ஆள் நியூஜெர்சிக்குள் அந்த மாநில அனுமதியின்றி அப்படி நுழைந்தால் கடும் குற்றம். தண்டனை உறுதியானால் குறைந்தது மூன்றரை ஆண்டுகள் கழிந்துதான் பரோலைப் பற்றிப் பேசவே முடியும். நியூயார்க்கில் மேகசினுக்குள் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் அடங்கினால் அந்த மேகசினே சட்டவிரோதம். நாடு ஒன்று, அரசியலமைப்பு ஒன்று, சாலையும் ஒன்றுதான். வண்டிக்குள் இருக்கும் இரும்பின் சட்டநிலை மட்டும் எல்லைப் பலகைக்கு எல்லைப் பலகை வேறாகிறது.

இதைச் சரிசெய்யத்தான் 1986 மே மாதம் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 926ஏ என்ற பிரிவு வந்தது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் ஒருவருக்குச் சட்டப்படி இடம் இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களின் தடை அவரைக் கட்டுப்படுத்தாது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாக்களோ பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து கைநீட்டி எடுக்கிற தூரத்தில் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் இரண்டையும் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள சிறு பெட்டியும் அந்தக் கணக்கில் சேராது. இந்த நிபந்தனைகளுக்கு அடியில் உள்ள எண்ணம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கைக்கு எட்டும் துப்பாக்கி ஆயுதம். வெறுமையாக்கப்பட்டு, பூட்டப்பட்டு, கைக்கு எட்டாத இடத்தில் கிடப்பது சுமை. கோபத்துக்கும் குண்டுக்கும் நடுவே வண்டியை நிறுத்தி, இறங்கி, பூட்டைத் திறந்து, தோட்டா நிரப்புகிற அவகாசம் இருக்கிறது. சாலைச் சண்டைகளில் உயிரைக் காப்பது அந்த அவகாசம்தான். பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியைத் தடைசெய்யும் கூட்டரசுச் சட்டமும், வெறுமையாக்கி வண்டிக்குள் பூட்டி வைத்ததற்கு விலக்கு அளிக்கிறது. விமானத்தில் அனுப்பும்போதும் கெட்டியான பூட்டிய பெட்டி, முன்கூட்டிய அறிவிப்பு என்று இதே போக்குதான்.

இந்தப் பாதுகாப்பு எதற்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய் நியூஜெர்சியில் போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தப்பட்டார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே போலீஸ்காரரிடம் சொன்னார். தன் மாநில அனுமதி, ஓட்டுநர் உரிமம் போல எங்கும் செல்லும் என்று நம்பியிருந்தார். செல்லாது. ஒரு மாநிலத்தின் அனுமதியை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அப்படியொரு மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231–198 என்று நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. துப்பாக்கி தோட்டாவோடு கைப்பையில் இருந்ததால் 926ஏ பிரிவும் அவருக்கு உதவவில்லை. சிறைவாசம், நீண்ட வழக்கு எல்லாம் கடந்து 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்தார். அந்தப் பெண்ணுக்காக மனம் வருந்தலாம். ஆனால் அங்கே சட்டம் தெளிவாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கு நேர்ந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு விமானத்தில் புறப்பட்டார் ஒருவர். துப்பாக்கி பூட்டிய கெட்டிப் பெட்டியில், தோட்டாக்கள் தனியாகப் பூட்டிய பெட்டியில், முறையாக அறிவித்து ஒப்படைக்கப்பட்டிருந்தன. நியூஜெர்சியின் நியூவார்க்கில் மாற்று விமானம் தவறியது. ஆலன்டவுன் போகும் பேருந்தைப் பிடிக்க முயன்றபோது பெட்டி வந்து சேரவில்லை; அது கைக்கு வந்தபோது பேருந்து போய்விட்டது. ஒரு ஹோட்டலில் இரவைக் கழித்தார். மறுநாள் காலை விமான நிலையத்தில், விதி சொல்கிறபடியே, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று தானாக அறிவித்தார். கைது செய்யப்பட்டார். சில நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஹோட்டல் அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதை அவர் திறந்தாரா என்பது பொருட்டல்ல. கைக்கு எட்டியவுடன் 926ஏ விலகிவிட்டது என்பது நீதிமன்றத்தின் வாசிப்பு. அவர் மீது தவறில்லாமலே இக்கட்டில் சிக்கினார் என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். பெட்டியை வாங்கிக்கொள்ளும் முன்பே போலீஸாரின் உதவியை நாடியிருக்கலாம் என்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு வாகனத்தில் கொண்டுபோவதற்கு மட்டுமே, விமான நிலையத்துக்குள் பெட்டியைச் சுமந்து நடப்பவருக்கு இல்லை என்று இன்னும் இறுக்கிவிட்டது.

சட்டத்தின் சொற்களை மட்டும் பார்த்தால் இந்த வாசிப்பைத் தவறென்று சொல்ல முடியாது. 'வாகனம்' என்று எழுதியிருக்கிறது, வாகனம் என்றே படித்தார்கள். எழுதியவர்களின் குறை அது. மூவாயிரம் கிலோமீட்டரை யாரும் கண்மூடாமல் ஓட்டிக் கடப்பதில்லை. பெட்ரோல் போட வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். களைத்த ஓட்டுநர் படுத்து உறங்குவதைச் சட்டம் ஊக்குவிக்க வேண்டுமே தவிர, நிற்காமல் எல்லையைத் தாண்டிவிடு என்று விரட்டக் கூடாது. இதைவிடப் பெரிய குறை, இந்தப் பிரிவு கைதுக்கு முன்னால் அல்ல, பின்னால்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது என்பது. முதலில் விலங்கு, பிறகு ஜாமீன், அதற்கும் பிறகு நீதிமன்றத்தில் வாதம். தன் பயணம் சட்டப்படியானது என்று பின்னால் நிரூபித்தாலும், கைது செய்த அதிகாரி மீது இந்தப் பிரிவை வைத்து நஷ்டஈடு கேட்க முடியாது என்று நியூயார்க் பகுதிக்கான இரண்டாவது வட்ட நீதிமன்றமும் 2010-இல் சொல்லிவிட்டது. வழியில் தங்கும் இரவுகளும் பயணமே என்று சட்டத்தில் எழுத வேண்டும். பூட்டும் ஆவணங்களும் சரியாக இருந்தால் கைது கூடாது என்றும் எழுத வேண்டும்.

இதற்கு வரும் வலுவான ஆட்சேபம் கடத்தல். ஐ-95 சாலைக்கு 'இரும்புக் குழாய்' என்றே ஒரு பெயர் உண்டு. கட்டுப்பாடு தளர்ந்த தெற்கு மாநிலங்களில் வாங்கிய துப்பாக்கிகள் அதன் வழியாகத்தான் வடக்கின் தெருக்களுக்கு வருகின்றன. 2010 முதல் 2015 வரை நியூயார்க்கில் குற்றங்களில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளில் 74 சதவீதம் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவை என்று அம்மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2016-இல் கணக்குக் காட்டியது. அந்தத் துப்பாக்கிகளால் செத்தவர்களை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் நியூயார்க்கில் விற்க வருகிற கடத்தல்காரருக்கு நியூயார்க்தானே சேருமிடம்? அங்கே அவருக்குச் சட்டப்படி இடமில்லை. எனவே 926ஏ இன்றும் அவரைக் காப்பதில்லை, நான் சொல்லும் திருத்தமும் காக்காது. நியூயார்க்கைக் கடந்து வெர்மான்ட் மாநிலத்துக்குப் போவதாகப் பொய் சொல்வாரே என்றால், பொய்யைச் சோதிக்க வழி உண்டு: போகும் இடத்தில் வீடோ, வேட்டை உரிமமோ, போட்டிக்கான பதிவோ இருக்கிறதா என்று கேட்கலாம். டிக்கியில் பத்துப் பதினைந்து புதுத் துப்பாக்கிகளோடு வருகிறவர் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறேன் என்று சொல்லித் தப்புவது எளிதல்ல.

ஐம்பது மாநிலங்களின் சட்டத்தையும் சாலையில் நிற்கும் போலீஸ்காரர் எப்படி மனப்பாடம் செய்வார் என்பது அடுத்த கேள்வி. இரண்டாவது வட்ட நீதிமன்றத்தின் தயக்கமும் இதுதான். நியாயமான கேள்வி. அந்தச் சுமையைப் பயணிதான் ஏற்க வேண்டும். இரு முனைகளிலும் தனக்கு உள்ள உரிமையைக் காட்டும் தாள்களை அவர் கையில் வைத்திருக்கட்டும். இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை. அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டியது பூட்டு, தனித்தனிப் பெட்டி, தோட்டா இல்லாத துப்பாக்கி ஆகியவை மட்டுமே. சந்தேகம் தீராவிட்டால் விவரங்களைக் குறித்துக்கொண்டு சம்மன் அனுப்பலாம்.

துப்பாக்கிக்காரர்கள் தரப்பிலும் நான் ஒன்று கேட்பேன். விமான நிலையச் சோதனைகளில் 2023-இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் சிக்கின. பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. மறந்துபோய் எடுத்து வந்ததாகச் சொல்கிறார்கள். மறக்கக்கூடிய பொருளாக அது ஆகிவிட்டதே பயம் தருகிறது. டென்னசியில் 2014 முதல் அனுமதி இல்லாமலே காருக்குள் துப்பாக்கி வைத்திருக்கலாம். நிறுத்தி வைத்த கார்களிலிருந்து துப்பாக்கிகள் திருடுபோவதாக நாஷ்வில், மெம்ஃபிஸ் போலீஸார் அங்கே திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறார்கள். இருக்கைக்கு அடியில் விட்டுப்போன துப்பாக்கிக்குக் கண்ணாடிச் சில்லைத் தவிரக் காவல் கிடையாது. ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியைக் கெட்டியான பூட்டிய பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று கொலராடோ இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவசரத்தில் தற்காப்புக்கு எடுக்க முடியாதே என்பார்கள். ஆளே இல்லாத காரில் யாருடைய தற்காப்பு? ஓட்டுநர் உடன் இருக்கும்போது தன் மாநிலச் சட்டப்படி நடக்கலாம். காரை விட்டு இறங்கினால் பெட்டியைப் பூட்டட்டும். இந்தக் கடமையையும் 926ஏ திருத்தத்தையும் ஒரே மசோதாவில் வைத்தால், இதுவரை வந்து கிடப்பில் போடப்பட்ட திருத்தங்களுக்குக் கிடைக்காத வாக்குகள் இரு பக்கமிருந்தும் கிடைக்கலாம். அதுவரை பிலடெல்பியாவிலிருந்து வெர்மான்ட் போகிற வேட்டைக்காரர், நியூஜெர்சியில் இரவு தங்காமல் கடந்துவிடுகிற மாதிரிப் புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பதே நல்லது.