இமாமின் வகுப்பும் மாத்திரை வரிசையும்

1989இல் உகாண்டாவின் முஸ்லிம் தலைவர்கள் கூடி எய்ட்ஸுக்கு எதிராக ஜிஹாத் அறிவித்தார்கள். கிராமங்களில் அப்போது அந்த நோய்க்குப் பெயர் 'ஸ்லிம்'. ஆள் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் இல்லாமல் போவார். 1990களின் தொடக்கத்தில் கம்பாலாவின் சில மருத்துவமனைகளில் பரிசோதித்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. இன்று நாடு முழுவதும் பெரியவர்களில் சுமார் 5 சதவீதம். இவ்விரு எண்களுக்கும் நடுவே பலருடைய உழைப்பு இருக்கிறது. அதில் பள்ளிவாசல்களின் பங்கு அதிகம் பேசப்படவில்லை.

1992இல் உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. மகேரேரே பல்கலைக்கழகப் பேராசிரியர் மஜீத் ககிமு அதில் முன்னின்றார். இமாமுடன் துணைக்கு ஓர் ஆண், ஒரு பெண். அவர்களுக்குக் கீழே அந்தப் பள்ளிவாசலின் மஹல்லாவிலேயே குடியிருக்கும் தன்னார்வலர்கள். இந்த அமைப்பில் பெண் துணையாளரைச் சேர்த்ததைத்தான் பெரிய காரியம் என்பேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ குத்பா உரை ஊருக்கே கேட்கும். ஆனால் கணவருக்கு வேறு தொடர்பு இருக்குமோ என்று அஞ்சுகிற பெண், அதை எந்த இமாமிடம் போய்க் கேட்பாள்? அடுப்பங்கரை வரை வந்து உட்காரக்கூடிய ஒருத்தியிடம்தான் கேட்பாள். 1998க்குள் பயிற்சி பெற்றவர்கள் 8,000 பேருக்கு மேல். அவர்கள் போய்வந்த வீடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பாடத்தில் ஒழுக்க போதனை மட்டும் இல்லை. மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுகிறவர் கையுறை அணிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே கத்தியை வைத்துக்கொண்டு வரிசையாகப் பல பிள்ளைகளுக்கு சுன்னத் செய்வதால் என்ன ஆபத்து என்பதையும் விளக்கினார்கள். இரண்டும் பள்ளிவாசலின் அன்றாடக் காரியங்கள். அங்கிருந்து தொடங்கியதால் இமாம்கள் காதுகொடுத்தார்கள். மருத்துவர் ஒரு செய்தி சொன்னால், அதற்குப் பக்கத்திலேயே குர்ஆன் வசனமோ ஹதீஸோ வந்தது.

ஆணுறைக்கு மட்டும் முதல் பாடத்திட்டத்தில் இடமில்லை. அதைப் பேசினால் விபச்சாரத்துக்கு வாசல் திறந்துவிடுவதாகும் என்பது பல இமாம்களின் வாதம். சங்கத்தார் மல்லுக்கு நிற்கவில்லை; உட்கார்ந்து பேசினார்கள். விலகியிருத்தல், திருமணத்துக்குள் உண்மையாயிருத்தல் என்ற இரண்டு காவல்களும் கைவிட்ட இடத்தில் மூன்றாவதாக ஆணுறையைச் சொல்லலாம் என்ற இணக்கம் சில ஆண்டுகளில் வந்தது. அந்தச் சில ஆண்டுகளில் தொற்றியவர்களும் இருந்திருப்பார்கள். அவசரப்பட்டிருந்தால் கதவே அடைபட்டிருக்கும் என்பதும் உண்மைதான்.

சுன்னத் விஷயத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசியது. உகாண்டாவின் ரகாயிலும் கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வுகள், அது பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் அபாயத்தைச் சுமார் 60 சதவீதம் குறைப்பதாகக் காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. முஸ்லிம் அல்லாத இளைஞர்களும் அதற்காக மருத்துவமனை வாசலில் நின்றார்கள்.

அன்றைய தன்னார்வலரின் இடத்தில் இன்று இருக்கும் 'சக கல்வியாளர்' வேறு ஆள். அன்று தன்னார்வலருக்குத் தேவைப்பட்டவை மார்க்கப் பற்றும் அக்கம்பக்கத்தில் நல்ல பெயரும். இன்று மருத்துவமனைகளில் அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், இளைஞர்களுக்கு இளைஞர்களே துணை. 'நானும் இந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது, ஒரு மணிநேர வகுப்பு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிடும். 1992இல் அப்படிச் சொல்ல ஊரில் மாத்திரையும் கிடைக்கவில்லை, சொல்லிவிட்டு ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது. இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே துணைக்குப் பரவாது என்பதும் இன்றைய பாடம். தொற்றுள்ளவருக்கும் நிக்காஹ் உண்டு, பிள்ளை உண்டு என்பதை அன்றைய இமாம் எந்தத் துணிவில் சொல்லியிருப்பார்?

ஆனால் அன்றைய தன்னார்வலர் தொற்று உள்ள வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போனார். இன்றைய சக கல்வியாளரைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் தொற்று தெரிந்த பிறகே வருகிறார். கல்வியாளர் கையில் பதிவேடு, மாத்திரைத் தேதி, வராதவர்களின் பட்டியல். வேலை கூர்மையாகியிருக்கிறது, கூடவே குறுகியும் இருக்கிறது. பரிசோதனைக்கே போகாத மனிதர், தாம்பத்தியத்தைப் பற்றி யாரோடும் பேசியிராத மனைவி, இவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் பக்கம் கிடையாது.

2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகமும் தெரிந்தது. அந்தப் பணத்தில் வந்த சம்பளம் நின்றதும் சக கல்வியாளர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். தனியாக நடந்த எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவுகளைப் பொது வெளிநோயாளர் பிரிவோடு சேர்க்க அரசு முடிவெடுத்தது. இமாம்களின் பயிற்சிக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் தீர்ந்த பிறகும் இமாம் அதே ஊரில்தான் இருந்தார், வெள்ளிக்கிழமைதோறும் மிம்பர் மேடை ஏறினார். இனி பொது வரிசையில் நிற்கப்போகும் நோயாளியிடம், யாருக்கும் கேட்காத குரலில் ஒரு வார்த்தை பேச ஆள் வேண்டும். அந்த ஆளை மறுபடி பள்ளிவாசலில் தேடலாம். முப்பதாண்டுக்கு முந்தைய பாடத்தைத் திருத்தி, மாத்திரையைப் பற்றிய அத்தியாயத்தையும் சேர்த்துக் கொடுத்தால்.