பள்ளி ஒழுங்கும் பெற்றோர் பொறுப்பும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளன்று ஆசிரியரிடம், "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், தோலை உரித்தாலும் ஏனென்று கேட்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வருவது நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவ்வாறு சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆவலே அவர்களை அப்படிப் பேசச் செய்தது. ஆசிரியரும் அச்சொல்லைத் தம்மீது வைத்த நம்பிக்கையாகவே ஏற்றார். ஆயினும், அந்த ஒரு வாக்கியத்தில் எத்துணைப் பெரிய உரிமை கைமாறியது என்பதை இருசாராரும் எண்ணிப் பார்த்ததில்லை. பிரம்பு ஆசிரியர் கையில் இருந்தது. அதற்கு வலிமை தந்தது பெற்றோரின் இசைவு. இந்த இசைவைச் சட்டம் படிப்படியாக எவ்வாறு விலக்கியது என்பதையும், தமிழகத்தை விட்டுக் கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் நம்மவர்க்கு அதனால் ஏற்படும் கடமை யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் தண்டனைகளுக்குத் தனித்தனிப் பெயர்களே இருந்தன. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' அவற்றுள் பெயர் பெற்றது. வங்காளத்துப் பள்ளிகளும் இதில் சளைத்தவை அல்ல. கவி இரவீந்திரநாத தாகூர் 1912இல் வெளியான 'ஜீவன்ஸ்மிருதி' என்னும் நினைவு நூலில், கல்கத்தா ஓரியண்டல் செமினரியில் பாடம் ஒப்பிக்க இயலாத சிறுவனைப் பெஞ்சின்மீது ஏற்றி, நீட்டிய கைகளின்மேல் சிலேட்டுகளை அடுக்கி நிற்கவைத்ததைக் குறிப்பிடுகிறார். அந்நாளில் அவரும் தம் வீட்டுத் தாழ்வாரத்துக் கிராதியின் மரக்கம்பிகளை மாணாக்கராகப் பாவித்து, கையில் பிரம்புடன் ஆசிரியராக விளையாடினாராம். பாடம் மனத்தில் பதியுமுன்பே ஆசிரியரின் கோபம் பதிந்துவிட்டது. குழந்தை எதை முதலில் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அதே தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் வகுப்புகள் நடக்கும் பள்ளியொன்றைத் தொடங்கியதை அனைவரும் அறிவர்.

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை இவ்விடத்தில் சிலர் எடுத்துக் காட்டுவர். மாடு படிவது வேறு; மாணவன் படிப்பது வேறு. முன்னதற்கு அடங்குதல் போதும். பின்னதற்கு ஐயம் கேட்கும் துணிவு வேண்டும். அஞ்சி நிற்கும் பிள்ளையின் வாயிலிருந்து ஐயம் எழுவதில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை, மெக்காலே தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் கல்கத்தா நகரிலேயே உருவாக்கி 1837இல் அளித்தது. அது 1860இல் சட்டமாயிற்று. அதன் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மையைக் கருதிப் பாதுகாவலரோ, அவருடைய இசைவின்பேரில் மற்றொருவரோ நல்லெண்ணத்துடன் செய்யும் செயல், சில வரம்புகளுக்கு உட்பட்டு, குற்றமாகாது என்றது. பெற்றோர் பள்ளிவாசலில் சொல்லிய சொல்லுக்கு இவ்வாறு சட்டத்திலும் ஓர் இடம் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 27ஆம் பிரிவாக இவ்விதி இன்றும் தொடர்கிறது. ஆகவே, பெற்றோரின் இசைவு என்பது வெறும் பேச்சன்று.

இசைவை மறுத்தால் என்ன நிகழும் என்பதற்கு ஸ்காட்லாந்து தந்த விடை குறிப்பிடத்தக்கது. தம் பிள்ளைகளை அடிக்கச் சம்மதமில்லை என்ற இரண்டு தாய்மாரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1982இல் அவர்கள் பக்கம் நின்றது. பெற்றோரின் கொள்கையை அரசு மதிக்கவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். பின்னர், 1986இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அரசுப் பள்ளிகளிலிருந்து பிரம்பை அகற்றச் சட்டம் இயற்றியது.

நம் நாடு குழந்தை உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1992இல் ஏற்றது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் கண்ணியத்திற்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. டில்லிப் பள்ளி விதிகளில் உடல்தண்டனைக்கு இடந்தந்த பகுதியை டில்லி உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாததாக்கியது. தமிழ்நாடு அரசு 2003இல் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி உடல்தண்டனையை விலக்கியது. 2004இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டத்திற்கு மாறானது என்று அறிவித்தது. இறுதியாக, 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது என்று நாடு முழுமைக்கும் விதித்தது. இச்சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2010 பிப்ரவரியில், கொல்கத்தாவில் 1836 முதல் நடந்துவரும் லா மார்ட்டினியர் ஆண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் பிரம்படி கிடைத்தது. அவனுக்கு வயது 13. சில நாட்களில் அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அடித்ததைத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார். தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விசாரணை நடத்திப் பள்ளியின் போக்கைக் கண்டித்தது. ஒரு மரணத்தின் காரணங்களை வெளியிலிருந்து எவரும் முற்றாக அளந்துவிட முடியாது. ஆனால் ஒன்றை நாம் அறிவோம்: உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்து 6 ஆண்டுகள் ஆகியும், அதே நகரின் புகழ்பெற்ற பள்ளியொன்றில் பிரம்பு இருந்தது. சட்டம் பிறக்கும் நாளும் வழக்கம் மாறும் நாளும் ஒன்றல்ல.

அவ்வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை அதே ஆணையம் 2009-10இல் 7 மாநிலங்களில் நடத்திய ஆய்வு காட்டியது. வினவப்பட்ட 6,632 மாணாக்கருள் தண்டனை எதுவும் பெறாதவர் 9 பேரே! இதன்பின் ஆணையம் வகுத்த நெறிமுறைகள் உடல்தண்டனை, மனத்துன்புறுத்தல், பாகுபாடு என மூவகையாகக் குற்றத்தைப் பிரித்தன. முழங்காலிட வைத்தல், வெயிலில் நிறுத்துதல், காதைத் திருகுதல் ஆகியனவும் உடல்தண்டனையே. இழிபெயரிட்டு அழைத்தல், பெற்றோரின் தொழிலையோ சாதியையோ பின்னணியையோ சுட்டி எள்ளுதல் ஆகியன மனத்துன்புறுத்தல். வேற்றுமொழி நாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிப் பகுதி மிகவும் பொருந்தும். ஒரு வங்கச் சொல்லைத் தமிழ் ஒலிப்பில் சொன்னதற்காக வகுப்பே சிரிக்க, ஆசிரியரும் உடன் சிரிப்பாரானால், அது விளையாட்டாகாது. நெறிமுறை விலக்கிய செயலாகும்.

இச்சட்டத்திற்கு எல்லைகளும் உண்டு. அவற்றை அறியாதிருப்பது நல்லதன்று. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. அன்றியும், சிறுபான்மையோர் நடத்தும் கல்வி நிலையங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2014 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. கிறித்தவ சமயப் பள்ளிகள் நிறைந்த கொல்கத்தாவில் இத்தீர்ப்பு பல்லாயிரம் குடும்பங்களைத் தொடுவது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை உச்சநீதிமன்றத்தின் வேறோர் அமர்வு 2025 செப்டம்பரில் எழுப்பி, வழக்கைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

இதனால் அத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காப்பே இல்லை என்று கருதிவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டம், எல்லாப் பள்ளிகளிலும் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் போலீசாருக்குத் தெரிவிப்பது கட்டாயம். நிறுவனத்தின் பெயரைக் காக்க எண்ணி மறைக்கும் நிர்வாகி தண்டனைக்கு உள்ளாவார். மேலும், மேற்கு வங்கத்திலிருந்து விசாகப்பட்டினம் சென்று மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருத்தி 2023இல் இறந்ததையொட்டி எழுந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் நாடு முழுமைக்கும் நெறிமுறைகளை விதித்தது. மனநலம் வாழ்வுரிமையின் பகுதி. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் பயிலும் நிலையம் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு மாணாக்கரைப் பிரித்து வைப்பதையும் பலர் முன்னிலையில் நாணச் செய்வதையும் இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்பன அவற்றுட் சில.

பிரம்பை விலக்கினால் ஒழுங்கு குலையாதா என்று ஆசிரியர் கேட்பதில் நியாயமுண்டு. 60 பிள்ளைகள் நெருங்கி அமர்ந்த வகுப்பில் ஒருவரே நின்று பாடம் நடத்துவது எளிதன்று. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 மாணாக்கருக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் கூறுவதை நினைவில் கொள்ளவேண்டும். ஆசிரியருக்கு அச்சட்டம் சொன்ன வசதிகளைத் தாராமல் பிரம்பை மட்டும் வாங்கிக்கொள்வது முறையாகாது. ஒழுங்கு என்பது எழுதப்பட்ட விதியிலிருந்து தொடங்கவேண்டும். எது பிழை, அதற்கு என்ன நடவடிக்கை, முதலில் யார் பேசுவர், பெற்றோருக்கு எப்பொழுது தெரிவிப்பர் என்பன ஆண்டுத் தொடக்கத்திலேயே பிள்ளைக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நடவடிக்கைக்கு முன் பிள்ளையின் சொல்லைக் கேட்கவேண்டும். விதி தெளிவாக உள்ள இடத்தில் கோபத்திற்கு வேலை குறைவு.

இனி, நம்மவர் கடமைக்கு வருவோம். லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழ்பவராயினும், சென்ற மாதம் மாற்றலில் வந்தவராயினும், பள்ளியோடு பிணக்கு வந்தால் நாம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வந்த ஊர், புரியாத மொழி, அரும்பாடுபட்டுக் கிடைத்த இடம் என்று காரணங்கள் பல. பிள்ளை இதைக் கூர்ந்து கவனிக்கிறது. தந்தையே பேசாத இடத்தில் தான் பேசிப் பயன் என்ன என்று அதுவும் வாய்மூடிக்கொள்கிறது. ஆபத்து அடியைக் காட்டிலும் இந்த மௌனத்தில்தான் மிகுதி.

ஆதலின், பிள்ளையைச் சேர்க்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஒழுங்கு விதிகள் எழுத்தில் உள்ளனவா? பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் பள்ளிக்குள் யாரிடம் சொல்லவேண்டும்? மனநல ஆலோசகர் இருக்கிறாரா? குறை நேர்ந்தால் தேதியிட்டுப் பள்ளித் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்க. வங்க மொழி தெரியாதது தடையன்று, ஆங்கிலத்தில் எழுதலாம். பயனில்லையேல் மேற்கு வங்கக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தையோ, டில்லியிலுள்ள தேசிய ஆணையத்தையோ அணுகலாம். குழந்தைகளின் அவசர உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் உண்டு. மனம் சோர்ந்து தவிப்போருக்கு, 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆறுதலும் ஆலோசனையும் தருகிறது. இவ்வெண்களைப் பிள்ளையும் அறிந்திருப்பது நலம்.

இவற்றினும் முதன்மையானது வீட்டில் நிகழவேண்டியது. மாலையில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு, இன்று யார் உன்னோடு பேசினார்கள், எதற்காவது வருந்தினாயா என்றும் கேட்பது நம் வழக்கமாகட்டும். அடிபட்டு வந்த பிள்ளையிடம் "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்டால், அடுத்த முறை அது சொல்லவே சொல்லாது. வீட்டில் நாம் கை ஓங்கினால், பள்ளியில் ஓங்காதே என்று சொல்லும் தகுதியும் நமக்குக் குறையும்.

பழைய இசைவுக்கு ஈடாக நாம் ஆசிரியரிடம் புதியதொரு சொல்லைச் சொல்லலாம்: "எங்கள் பிள்ளை தவறு செய்தால் எங்களை அழையுங்கள், உங்களோடு சேர்ந்து நாங்களும் திருத்துகிறோம். அடிப்பதற்கு மட்டும் எங்கள் சம்மதம் இல்லை." இதில் ஆசிரியருக்கு மதிப்பும் உண்டு, பிள்ளைக்குக் காப்பும் உண்டு. அருகில் நின்று இதைக் கேட்கும் பிள்ளை, தன் பொருட்டுப் பேச ஆளுண்டு என்பதை அன்றே தெரிந்துகொள்ளும்.